ஓர வரிசைக் குச்சிகள்

மூன்றாவது தடவையும் அதே பதில்தான் வந்தது. டோவெரா லுஹங்கா கணினித் திரையை முறைத்துப் பார்த்தாள். முறைத்தால் மாறிவிடுமா என்ன? கசிண்டா விதைப்பண்ணையிலிருந்து வந்த மரவள்ளிக் குச்சிகளில் பழுப்புக்கோடு நோயின் கிருமி இருந்தது. அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்திருந்தால்கூடத் தேவலை. பண்ணையின் கிழக்குப் பக்கத்துக் குச்சிகளில் பாதிக்குப் பாதி.

அந்தக் குச்சிகள் இந்நேரம் லாரியில் ஏறிக்கொண்டிருக்கும். நாளைக் காலையில் அமைச்சர் கையால் மலைப்பக்கத்து ஊர்களுக்கெல்லாம் இலவசமாகப் போகப் போகின்றன. முதல் மழை விழுந்துவிட்டது, ஜனங்கள் மண்ணைக் கொத்திப் போட்டுவிட்டுக் காத்திருக்கிறார்கள். இவை சுத்தமான குச்சிகள் என்று ஊருக்கெல்லாம் சத்தியம் செய்தது யார்? எந்த ஊரில் நோய், எந்த ஊர் சுத்தம் என்று டோவெரா வரைந்த வரைபடம்.

இந்த நோய் ஒரு நயவஞ்சக நோய். மேலே செடி லட்சணமாக நிற்கும். மண்ணுக்குள்ளே கிழங்கு பழுப்பேறித் தக்கையாகிவிடும். தின்றவருக்கு ஒன்றும் ஆகாது, தின்பதற்குத்தான் ஒன்றும் மிஞ்சாது. ஒரு குச்சியை நட்டால் அதிலிருந்து வெட்டுகிற ஒவ்வொரு குச்சியும் நோயோடுதான் பிறக்கும். இந்த லாரிகள் கிளம்பினால், இவ்வளவு நாள் நோய் எட்டிப் பார்க்காத மலைப்பக்கம் முழுக்க அடுத்த வருஷம் அரை வயிறுதான். அதை அவளே முத்திரை குத்தி அனுப்பிவைத்ததாக இருக்கும்.

அவள் வந்த வழியும் லேசான வழி இல்லை. உயிரியல் படித்துவிட்டு, வெயிலில் மண்டியிட்டு, மரவள்ளி இலையைத் திருப்பித் திருப்பி, நோயைச் சுமந்து போகிற வெள்ளை ஈக்களை எண்ணிக்கொண்டு கிடந்தவள். எண்ணி என்ன ஆகப் போகிறது, இந்த ஈ நாளை எங்கே போகும் என்று சொல்ல வேண்டாமா என்று கணினிப் பக்கம் போனாள். அங்கே போனால், அழகான வரைபடம் வருகிறது, அதை ஒரு ஜீவனும் படிப்பதில்லை. சரி, படிக்க வைக்கிறேன் பார் என்று அமைச்சக வராந்தா பெஞ்சுகளைத் தேய்க்க ஆரம்பித்தாள். உயிரியல்காரர்கள் அவளைக் கம்ப்யூட்டர்காரி என்றார்கள். கம்ப்யூட்டர்காரர்கள் ஈ எண்ணுகிறவள் என்றார்கள். அதிகாரிகள் 'புரொபசர்' என்று கூப்பிட்டுவிட்டுத் தங்களுக்குள் சிரித்துக்கொண்டார்கள். எந்த வீட்டிலும் சொந்தக்காரி இல்லை, எல்லா வீட்டிலும் விருந்தாளி.

சிரிக்காத ஒரே அதிகாரி அமைச்சகச் செயலாளர் ஹாரிசன் மொனே. "இந்தா பாரு நியாலுஹங்கா, அமைச்சருக்கு மூணு கலருக்கு மேல காட்டாத. சிவப்பு, மஞ்சள், பச்சை. நாலாவது கலர் காட்டினா அவரு சாப்பிடப் போயிடுவாரு" என்று சொல்லிக்கொடுத்தவர். நியாலுஹங்கா, அதாவது லுஹங்கா வீட்டுப் பெண் என்று அவளை உரிமையோடு கூப்பிடுகிறவர். அவள் எழுதிக்கொடுத்த விதியை அரசிதழில் ஏற்றியவர். நோய் இருக்கிற சிவப்பு ஊரிலிருந்து நோயில்லாத பச்சை ஊருக்கு ஒரு குச்சிகூடப் போகக்கூடாது, சாலையில் தடுப்பு போட்டுச் சோதிக்க வேண்டும், மீறினால் அபராதம். அவள் ஆய்வுக்கூடத்துக்குக் கூரை போட்டதும் அவர்தான்.

காலை முழுக்க டோவெரா வேண்டிக்கொண்டது ஒன்றே ஒன்று. இது என் ஆய்வுக்கூடத்து அழுக்காக இருக்கட்டும், ஆண்டவனே. அப்படி நினைக்கக் காரணமும் இருந்தது. போன மாதம் மாணவர்களுக்குப் புதுக் கருவியைப் பழக்கிக் காட்ட, தன் வீட்டுக் கொல்லையில் நின்ற செடியிலிருந்து இலை கிள்ளிக்கொண்டு வந்திருந்தாள். அடியிலை மஞ்சள் பூத்திருந்தது. சோதித்தால் நோய். எல்லோருக்கும் சிரிப்பு, டாக்டரம்மா வீட்டிலேயே வியாதி என்று. பிடுங்க வேண்டும் என்று நினைத்தவள் வேலை மும்முரத்தில் அப்படியே விட்டுவிட்டாள். அந்த இலையின் தூசிதான் மேசையில் ஒட்டியிருக்க வேண்டும் என்று நம்பினாள். மேசையைக் கழுவச் சொன்னாள். புது மருந்து, புதுக் குச்சி, வேறு ஆள் கை. மறுபடியும் அதே கிருமி. கொல்லைச் செடியின் கிருமியும் கசிண்டாக் கிருமியும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள்.

கொல்லைச் செடி எங்கிருந்து வந்தது என்று அவளுக்கு நன்றாகத் தெரியும்.

"யோட்டாமு, வண்டிய எடு. கசிண்டாவுக்கு."

"இப்பவா மேடம்? சாப்பாடு?"

"சாப்பாடும் வேணாம் ஒண்ணும் வேணாம். பறந்து போகணும்."

"பறக்கலாம் மேடம். ஆனா இந்த வண்டிக்கு றெக்கை வாங்க அமைச்சகம் இன்னும் ஒப்புதல் தரல" என்றான் ஓட்டுநர் யோட்டாமு. அவள் சிரிக்கவில்லை. அவன் கண்ணாடியில் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டு மிதித்தான்.

ஆய்வுக்கூடம் இருக்கிற ம்சூசு ஊரைத் தாண்டி இறங்குகிற சாலையில் தடுப்பு. ஒரு மினிபஸ்ஸை நிறுத்திச் சாமான்களைக் கலைத்துப் போட்டிருந்தார்கள். காவலர் ஒருவர் ஒரு அம்மாளின் துணி மூட்டைக்குள்ளிருந்து குச்சிக் கட்டை உருவிக்கொண்டிருந்தார்.

"என் மகளுக்குப் பிள்ளை பொறந்திருக்கு, வெறுங்கையோட போகச் சொல்றியா? உன் மாமியா வீட்டுக்கு நீ வெறுங்கையோடதான் போவியா?"

"சட்டம்மா. நான் என்ன பண்ணட்டும்?"

"சட்டம் எழுதினவளக் கூட்டிட்டு வா. அவளுக்கு மக இருக்காளான்னு கேக்குறேன்!"

டோவெரா கண்ணாடியை ஏற்றிக்கொண்டாள். அவளுடைய அரசு வண்டியைப் பார்த்ததும் காவலர் விறைப்பாக ஒரு வணக்கம் வைத்துக் கழியைத் தூக்கிவிட்டார். உள்ளே ஒரு பார்வைகூட இல்லை.

"நம்மள ஏன் பாக்கல?" என்றாள்.

"நம்மள யாரு மேடம் பாப்பாங்க? அரசு வண்டிக்கு விலக்குன்னு விதியிலயே இருக்கே. நீங்கதான எழுதினீங்க."

அவள்தான் எழுதினாள். ஆய்வு மாதிரிகள் தடுப்பில் கிடந்து வாடக்கூடாது என்று அந்த ஒரு வரியைச் சேர்த்தாள். அந்த ஒரு வரி இப்போது அவள் நெஞ்சில் உட்கார்ந்து அழுத்தியது.

கசிண்டாவில் லாரிகள் வரிசையாக நின்றன. இரண்டில் குச்சிக் கட்டுகள் நிறைந்து தார்ப்பாய் கட்டியாகிவிட்டது. மற்றவற்றில் ஆட்கள் பாட்டுப் பாடிக்கொண்டே ஏற்றிக்கொண்டிருந்தார்கள். மொனே கோட்டும் டையும் போட்டு, காலில் ரப்பர் பூட்ஸோடு, கல்யாண வீட்டுத் தகப்பன் மாதிரி நின்றிருந்தார்.

"நியாலுஹங்கா! வா, வா. நாளைக்கு வருவேன்னு பார்த்தா இன்னைக்கே வந்துட்ட. ஆசை தாங்கல போலிருக்கு."

"ஐயா, லாரிய நிறுத்துங்க."

"முதல்ல தண்ணி குடி."

"குச்சியில நோய் இருக்கு ஐயா. கிழக்குப் பக்கத்துல பாதிக்குப் பாதி. மூணு தடவ பார்த்துட்டேன்."

அவர் அவளைக் கையைப் பிடிக்காத குறையாகத் தள்ளிக்கொண்டு போய்க் கிடங்கின் பின்னால் நிறுத்தினார். குரல் தணிந்தது.

"போன வருஷம் நீதான சுத்தம்னு சொன்ன?"

"போன வருஷம் சுத்தந்தான்."

"அப்புறம் எப்படி வந்துச்சு? ஈ பறந்து வந்துச்சா? நோய் இருக்கற ஏரிக்கரையிலேருந்து இந்த மலையத் தாண்டி? உன் மேப்புதான சொல்லுது, ஈ அவ்வளவு தூரம் பறக்காதுன்னு?"

"ஈ கொண்டு வரல ஐயா."

"பின்ன? உன் லேப்ல ஏதோ அழுக்கு. எத்தன தடவ நடந்திருக்கு இந்த மாதிரி? நாளைக்கு அமைச்சர் வர்றாரு, ரேடியோ வருது, ஊர்த் தலைவருங்க எல்லாம் சரின்னு சொல்லியாச்சு, பொம்பளைங்க ராத்திரியே நடக்க ஆரம்பிச்சிடுவாங்க. அந்தச் சனங்க முன்னாடி நின்னு என்னன்னு சொல்றது? மெஷின் சொல்லுச்சுன்னா?"

"எனக்குக் கிழக்கு ஓரத்தப் பார்க்கணும். இப்பவே."

மொனேயின் முகம் இறுகியது. "அங்க என்ன இருக்கு பார்க்க?" என்றார். ஆனாலும் நடந்தார். அவள் பின்னால் போனாள். குச்சி வெட்டி முடித்த நிலம் மொட்டையாகக் கிடந்தது. கிழக்கு ஓரத்தில், வேலியை ஒட்டி, ஒரே ஒரு வரிசை மட்டும் வெட்டப்படாமல் ஆள் உயரத்துக்கு நின்றது. களை எடுத்து, மண் அணைத்து, பிள்ளையைக் குளிப்பாட்டி நிறுத்தின மாதிரி சுத்தமாக இருந்தது. சிவப்புக் காம்பு, அகல இலை. கசிண்டா ரகம் அது இல்லை. அதே செடி அவள் கொல்லையிலும் நிற்கிறது.

"இது யாரு நட்டது ஐயா?" பதில் தெரிந்துகொண்டேதான் கேட்டாள்.

"நான்தான்." அவர் ஒரு இலையைத் தடவிக் கொடுத்தார். "அம்மா வரிசை. ம்சூசுல எனக்குன்னு நிலம் ஏது? ஒரு ஓரமா வச்சிருக்கேன். இதுல குச்சி வெட்டக் கூடாதுன்னு சொல்லிட்டேன். யாருக்கும் போகல. பயப்படாத."

டோவெராவுக்கு அந்த நாள் கண்முன் வந்தது. போன ஜனவரி, கொட்டுகிற மழை, ஏரிக்கரையில் மொனேயின் தாயார் அடக்கம். அலுவலகமே போயிருந்தது. எல்லாம் முடிந்து கிளம்பும்போது, அவருடைய தங்கை அம்மாவின் தோட்டத்துச் செடிகளை வெட்டி, வந்தவர்களுக்கெல்லாம் ஆளுக்கொரு கட்டு கொடுத்தாள். எங்க அம்மா அடுப்பு அணையக் கூடாது, உங்க மண்ணுல வைங்க என்று அழுதுகொண்டே கொடுத்தாள். யார் வேண்டாம் என்பார்கள்? அரசு வண்டிகளின் பின்பக்கத்தில் கட்டுகள் ஏறின. சிவப்பு ஊரிலிருந்து பச்சை ஊருக்கு. தடுப்பில் வணக்கம் வைத்து விட்டார்கள்.

"குச்சி வெட்டலேன்னாலும் ஈ இருக்கே ஐயா," என்றாள். "மலையத் தாண்டாது. ஆனா பக்கத்து வரிசைக்குப் போகும். அங்கேருந்து அடுத்ததுக்கு. பத்து மாசம். கிழக்குப் பக்கம் முழுக்க இங்கேருந்துதான் போயிருக்கு."

"என்ன சொல்ற?"

"இந்த வரிசைதான் ஐயா நோய்."

அவர் திரும்பின வேகத்தில் அவள் ஒரு அடி பின்வாங்கினாள்.

"எங்கம்மாவச் சொல்றியா? மண்ணு இன்னும் காயல. வருஷம் திரும்பல. அவ தோட்டம் வியாதின்னு என் மூஞ்சிக்கு நேரா சொல்றியா, டாக்டர்?"

நியாலுஹங்கா போய் டாக்டர் ஆகிவிட்டாள். இத்தனை வருஷத்தில் அவர் அவளை அப்படிக் கூப்பிட்டதே இல்லை.

"அம்மாவச் சொல்லல ஐயா. குச்சியச் சொல்றேன்."

"அவ அந்தக் குச்சியில ஆறு பிள்ளைங்களை வளர்த்தா! அதுல ஒருத்தன்தான் உன் கூரைக்குக் கையெழுத்துப் போட்டான். ஞாபகம் இருக்கா, மறந்துபோச்சா?"

"இருக்கு. அதனாலதான் நேரா உங்ககிட்ட வந்தேன். இல்லாட்டி அமைச்சருக்குப் போன் பண்ணியிருப்பேன்."

"மிரட்டுறியா?"

"இல்ல ஐயா."

"நீயும்தான வாங்கிட்டுப் போன?" அவர் விரல் அவள் மூக்குக்கு நேரே வந்தது. "உன் கையால சட்டம் எழுதின. அதே கையால எங்க வீட்டுல கட்டு வாங்கின. ஏன், அப்பவே வேணாம்னு சொல்லியிருக்கலாம்ல?"

"எழவு வீட்டுல எப்படி ஐயா வேணாம்னு சொல்றது?"

தூரத்தில் ஆட்கள் பாட்டு ஓயாமல் கேட்டது. ஒரு லாரியின் இன்ஜின் உறுமிப் பார்த்து அணைந்தது. அந்தச் சத்தம் கேட்டதும் டோவெரா வரிசைப் பக்கம் திரும்பினாள். இனிப் பேசிப் புண்ணியமில்லை என்று, வரிசையின் கடைசிச் செடியை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டினாள்.

"தொடாத!"

அவள் கேட்கவில்லை. மழை ஈரத்தில் மண் இளகியிருந்தது. செடி கிழங்கோடு பெயர்ந்து வந்தது. பையிலிருந்து மாதிரி வெட்டுகிற கத்தியை எடுத்து, ஒரு கிழங்கைக் குறுக்கே அறுத்து அவரிடம் நீட்டினாள். வெள்ளைச் சதைக்கு நடுவே பழுப்புப் பழுப்பாகத் தக்கைத் திட்டுகள்.

"பாருங்க ஐயா."

மொனே வாங்கிப் பார்த்தார். அவர் முகத்தில் அதிர்ச்சி எதுவும் இல்லை.

"இதுக்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம்?" என்றார். "கிழங்குன்னா இப்படித்தான் இருக்கும். இது எப்பவும் இருக்கறதுதான். எங்கம்மா கத்தியால இதத் தோண்டித் தோண்டி எறிஞ்சுட்டுத்தான் ஊறப்போடுவா. நாங்க சின்னப் பிள்ளைங்க சுத்தி உக்காந்து பார்த்துட்டு இருப்போம். அவ எறியறது ஒரு குவியல், பானையில போடறது ஒரு குவியல்..."

அவர் நிறுத்தினார். கையிலிருந்த கிழங்கைத் திருப்பினார். இன்னொரு பக்கமும் பழுப்பு.

"எறியற குவியல்தான் பெரிசா இருக்கும்," என்றார் மெதுவாக.

டோவெரா கத்தியைக் கீழே தாழ்த்தினாள்.

"களி கிண்டினா எங்களுக்குப் பத்தவே பத்தாது. அவ பானையச் சுரண்டி எங்களுக்கு வச்சுட்டு, எனக்குப் பசியில்லன்னு எந்திரிச்சுப் போவா. தினமும் அதே பேச்சு. எங்கப்பா அவளத் திட்டுவாரு, தோட்டத்துல ஒழுங்கா வேலை செய்யலன்னு. விடியறதுக்கு முன்னாடி போயிடுவா தோட்டத்துக்கு. இருட்டினப்புறம்தான் வருவா." அவர் கிழங்கைப் பார்த்துக்கொண்டே பேசினார். "இதுவா அது?"

"இதுதான் ஐயா."

"அவ தப்பு இல்லியே?"

"அவங்க தப்பு ஒரு துளி இல்ல. யாருக்கும் தெரியாது அப்ப."

அந்தப் பெரிய மனுஷன் ரப்பர் பூட்ஸோடு மண்ணில் உட்கார்ந்துவிட்டார். கோட்டுக் கையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார். டோவெராவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அவரைத் தொட்டு ஆறுதல் சொல்லலாமா கூடாதா என்று தெரியாமல், கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு மரம் மாதிரி நின்றாள்.

கொஞ்ச நேரம் கழித்து அவர் போனை எடுத்தார். அமைச்சரிடம் பேசும்போது எழுந்து நின்றுதான் பேசினார்.

"ஆமாங்க ஐயா. எல்லா லாரியும் நிக்கணும். இல்ல, லேப் தப்பு இல்ல. எங்கம்மா தோட்டத்துக் குச்சி. நான்தான் கொண்டு வந்து வச்சேன். ஆமா, அரசு வண்டியில. ஆமாங்க, நான்தான்." அந்தப் பக்கத்துச் சத்தம் டோவெராவுக்கே கேட்டது. மொனே காதிலிருந்து போனைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டார். அது அடங்கியதும், "சரிங்க ஐயா" என்று வைத்தார்.

"வரமாட்டாராம். நாளைக்கு நீயே போய்ச் சனங்ககிட்ட மூஞ்சியக் காட்டுன்னுட்டாரு. திங்கக்கிழமை என் நாற்காலியில வேற ஆளு." அவர் பேன்ட் மண்ணைத் தட்டினார். "பள்ளத்துத் தோட்டத்துல சர்க்கரைவள்ளிக் கொடி கிடக்கு. லாரியக் காலி பண்ணி அத ஏத்தச் சொல்றேன். வெறுங்கையோட அனுப்பக் கூடாது. இந்தக் குச்சி எல்லாத்தையும் நாளைக்குக் குச்சி குடுக்கறதா இருந்த மைதானத்துலயே எரிக்கணும், எல்லாரும் பாக்க. இந்த வரிசையும்."

"முதல்ல என் கொல்லைச் செடி எரியும் ஐயா. கொண்டு வர்றேன். என் பேரும் சொல்லுங்க."

"ஒரே ஒரு செடி," என்றார் அவர் திடீரென்று, சின்னப் பையன் கேட்கிற மாதிரி. "ஒண்ணே ஒண்ணு மட்டும் விட்டா? தொட்டியில வச்சுக்கிட்டா?"

டோவெரா எவ்வளவோ முயன்றாள், பார்வையை அவர் முகத்திலிருந்து எடுக்காமல் சொல்ல. முடியவில்லை. மண்ணைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னாள்.

"கூடாது ஐயா."

"விதியில விலக்கு எதுவும் இல்லையா?"

"விலக்கு வச்சதாலதான் வந்துச்சு."

அவர் தலையை ஆட்டிவிட்டு லாரிகளை நோக்கி நடந்தார். ஏற்றினதையெல்லாம் இறக்கச் சொன்னதும் ஆட்கள் பாட்டை நிறுத்திவிட்டு வாய்க்கு வந்தபடி பேச ஆரம்பித்தார்கள்.

டோவெரா வீடு சேரும்போது பொழுது சாய்ந்திருந்தது. கணவன் லுசுங்கு, பள்ளிக்கூட வாத்தியார், சர்ச் பாட்டுக் குழுவின் ஒத்திகைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான். அவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் நேரே கொல்லைக்குப் போனாள். செடிகள் நின்ற இடத்தில் முழங்கால் உயரத்துக்கு மொட்டைக் கட்டைகள்தான் இருந்தன.

"லுசுங்கு! இந்தச் செடி எங்க?"

"எந்தச் செடி? அதுவா? குடுத்துட்டேன்." அவன் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே வந்தான். "மழை வந்துடுச்சுல்ல, எல்லாரும் கேட்டாங்க. பக்கத்து வீட்டு நியாச்சிர்வா பொண்ணு புகுந்த வீட்டுக்குக் கிளம்புச்சு, கரோங்கா பக்கம், ஒரு கட்டு. பாட்டுக் குழுவுல ரெண்டு பேருக்கு. எங்கண்ணனுக்கு ஒண்ணு பஸ்ஸுல போட்டு விட்டேன். ஏன், என்ன ஆச்சு? ஏன் அப்படிப் பாக்குற?"

"அது நோய்ச் செடின்னு உன்கிட்டச் சொன்னேனே! போன மாசம் சொன்னேனே!"

"லேப்ல சிரிச்சாங்கன்னு சொன்ன. கிழங்கு நல்லாத்தான இருந்துச்சு? வந்து கேக்குறாங்க டோவெரா, கொல்லையில நிக்குது, கண்ணு முன்னாடி. எப்படி இல்லன்னு சொல்றது?"

அவள் கத்த வாயெடுத்தாள். என்னவென்று கத்துவது? மத்தியானம் மொனேயிடம் அவளே சொன்ன பதில் அல்லவா இது? கட்டைகளின் பக்கத்தில் உட்கார்ந்து தோண்ட ஆரம்பித்தாள். லுசுங்கு ஒத்திகையை மறந்துவிட்டு மண்வெட்டி எடுத்துக்கொண்டு வந்தான்.

மறுநாள் மைதானத்தில் கால் வைக்க இடமில்லை. பெண்கள் குச்சி கட்டிக்கொண்டு போகத் துணியும் கயிறும் கொண்டுவந்திருந்தார்கள். விடியுமுன்பே வந்து பாடி ஆடிக் களைத்துப் போயிருந்தார்கள். அமைச்சருக்குப் போட்ட நாற்காலி காலியாக இருந்தது. ஊர்த் தலைவர் அதையும் மொனேயையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மொனே பூசி மெழுகவில்லை. எல்லாவற்றையும் சொன்னார். அம்மாவின் தோட்டத்தைச் சொன்னார், பெரிய குவியலையும் சின்னக் குவியலையும் சொன்னார். டோவெரா தன் செடியின் கட்டைகளை எடுத்து முதலில் தீயில் போட்டாள். அதற்கப்புறம் லாரிக் குச்சிகள். கடைசியாக அவர் அந்த ஓர வரிசையைத் தானே தூக்கி வந்து போட்டார். பச்சைக் குச்சி எரிய மறுத்துப் புகைந்தது. கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது.

"எங்க குச்சிய எரிச்சுட்டுக் கொடியக் குடுக்கறீங்களா?" என்றாள் முன்வரிசையில் முதுகில் குழந்தையைக் கட்டியிருந்த ஒருத்தி. "வள்ளிக் கொடி எத்தன மாசத்துக்குக் காணும்? அப்புறம் எத நடறது?"

"சுத்தமான குச்சி எங்க இருக்குன்னு தேடணும்மா," என்றாள் டோவெரா.

"உங்க மேப்புல இல்லையா?"

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். அவளுக்குக் காது சூடேறியது. பச்சையாகக் கிடக்கிற அந்த வரைபடத்தை ராத்திரி முழுக்க அவள் திறக்கவே இல்லை. ஈயின் கணக்கெல்லாம் அதில் இருந்தது. காற்றும் மழையும் இருந்தன. கரோங்காவுக்குப் போன பக்கத்து வீட்டுப் பெண் இல்லை, எழவு வீட்டுக் கட்டு இல்லை. கேட்கப் போனவர்களிடமும் யார்தான் உண்மை சொல்வார்கள், அபராதத்தைத் தலைக்கு மேலே தொங்கவிட்டுக்கொண்டு கேட்டால்?

அவள் மொனேயின் காதில் எதையோ சொன்னாள். அவர் அவளை ஒரு கணம் பார்த்துவிட்டு ஒலிபெருக்கியை வாங்கினார்.

"திங்கக்கிழமை வரைக்கும் நான்தான் செயலாளர். இன்னைக்கு இங்க உண்மை சொல்ற யாருக்கும் அபராதம் கிடையாது. இது என் வாக்கு. தலைவர் சாட்சி."

ஊர்த் தலைவர் தலையசைத்தார். டோவெரா முன்னால் வந்தாள்.

"இந்த வருஷம் எழவு வீட்டுலயோ, கல்யாண வீட்டுலயோ, விருந்தாளி போன இடத்துலயோ குச்சி வாங்கிட்டு வந்து நட்டவங்க கையத் தூக்குங்க. யாரையும் திட்ட இல்ல. எங்கெங்க போயிருக்குன்னு எனக்குத் தெரியணும். தெரிஞ்சாத்தான் நல்லது எங்க மிச்சம் இருக்குன்னு சொல்ல முடியும்."

சொல்லிவிட்டுத் தன் கையைத் தூக்கினாள். பக்கத்தில் மொனேயின் கை எழுந்தது. மைதானத்தில் சத்தமே இல்லை. பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். டோவெராவின் தூக்கிய கை கனக்க ஆரம்பித்தது. யாரும் அசையவில்லை. அவ்வளவுதான், எல்லாம் போச்சு என்று நினைத்தாள்.

முதுகில் குழந்தையோடு நின்றவள் கொட்டாவி விடுகிற மாதிரி ஒரு பெருமூச்சு விட்டாள்.

"டாக்டரம்மா, பொழுது போறதுக்குள்ள முடிக்கணும்னா அப்படிக் கேக்காதீங்க. யாரு வாங்கலன்னு கேளுங்க."

டோவெரா கையை இறக்கினாள். அப்படியே கேட்டாள்.

ஒரு கையும் எழவில்லை. ஊர்த் தலைவர் தன் இரண்டு கைகளையும் மடியில் கட்டிக்கொண்டு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.